பூங்காவுக்குப் போட்ட பிளானும் பட்டுக் கடையில் நடந்த விசிட்டும்

காஞ்சிபுரத்தில் ஒரு அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இடமே கிடையாது. மூன்று வாரம் அலைந்து நான் கண்டுபிடித்த உண்மை இது.

குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்டியனிடம் வளரும் பிள்ளையைப் பெற்றவள் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் விசிட் பிளான் போட வேண்டும். எங்கே, எத்தனை நேரம், கூட யார் இருப்பது, பிள்ளை அழுதால் யார் தூக்கிக்கொண்டு போவது, எல்லாம் அதில் வரும். என் பிளானில் கழிவறை எத்தனை அடி தூரம் என்பதுகூட இருக்கும். ஆபீசில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

தாரிணிக்கு எட்டு வயது. அவள் அம்மா கோமதிக்கு மனநிலை சரியில்லாமல் போய், ஒருநாள் பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு எங்கோ போய்விட்டாள். அதிலிருந்து கோமதியின் அக்கா செல்விதான் கார்டியன். வீடு செவிலிமேட்டில். சிகிச்சையில் கோமதி தேறி, மாகறலில் குடியிருந்துகொண்டு வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகு மகளைப் பார்க்க மனு கொடுத்தாள். குழந்தைகள் நலக் குழு மூன்று விசிட் கொடுத்தது, மாதத்துக்கு ஒன்று, முதல் சனிக்கிழமையில். மூன்றிலும் பிள்ளை ஒட்டவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று நான் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

முதல் இரண்டும் எங்கள் ஆபீசில். கோமதி கேட்ட எதற்கும் தாரிணி பதில் சொல்லவில்லை. பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றடி தள்ளி இருக்கும் தங்கைக்கு, "அந்தம்மாவ கொஞ்சம் அந்தாண்ட உக்காரச் சொல்லுங்க மேடம்" என்று என் மூலமாகச் சொல்லி அனுப்புவாள் செல்வி. நானும் தபால்காரி மாதிரி சொல்வேன். இரண்டாவது விசிட் முடிந்து கோமதி படியிறங்கும்போது, "ஒரு வாட்டி அம்மான்னு கூப்ட்டா போதும் மேடம்" என்றாள்.

ஆபீஸ்தான் காரணம், இடத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன். கோவில் என்றேன். "சாமி முன்னால அழுது சீன் போடுவா, வேணாம்" என்றாள் செல்வி. ஹோட்டல் என்றேன். "ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம் யாரு மேடம் உக்கார வுடுவா?" என்றாள் கோமதி. கடைசியில் ஒரு பூங்காவைப் பிடித்தேன். எந்த பெஞ்சில் யார் என்று படம்கூட வரைந்தேன்.

மூன்றாவது விசிட்டுக்கான சனிக்கிழமை நால்வரும் பூங்கா வாசலில் சேர்ந்ததும் மழை கொட்டியது. எதிரே பட்டுச் சேலைக் கடை. வாசலில் நின்றிருந்தவர் எங்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். மாடியில், வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் வந்தது, காபி வந்தது. கழிவறை பத்தடி. அசந்துபோய், இங்கேயே நடத்திவிடலாம் என்று ஃபைலைத் திறந்தேன்.

விற்பனையாளர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இரண்டு பெண்கள், நடுவில் ஃபைலோடு வயசான நான். பட்டுக் கடைக்காரருக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான், சம்பந்திச் சண்டை.

"கல்யாணம்னா முன்ன பின்ன இருக்கத்தாம்மா செய்யும். சேலை எடுக்கற எடத்துல மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கலாமா? பொண்ணு வீடு யாரு, மாப்ள வீடு யாரு?"

பிள்ளையின் விவரத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

"சரி, பொண்ணு யாரு?"

தாரிணி சத்தமில்லாமல் விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. வீட்டில் கணவரும் ஒரு பேரனும் இருக்கிறார்கள். விற்பனையாளர் அசரவே இல்லை. "தப்பில்லம்மா, இப்பல்லாம் எந்த வயசுலயும் பண்ணிக்கிறாங்க" என்று சொல்லி, அரக்குக் கலரில் ஒரு சேலையை என் தோளில் போட்டு, ஃபைலோடு கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டார்.

"ஐய, மேடத்துக்கு அரக்கு எடுக்கலபா" என்றாள் செல்வி.

"மாம்பழக் கலர் போட்டா எடுப்பா இருக்கும்" என்றாள் கோமதி, என் முந்தானையைப் பார்த்தபடி.

"உனக்கு வேற கலரே தெரியாது. உன் கல்யாணத்துக்கும் மாம்பழக் கலர்தான்னு கடையில உக்காந்து அழுத."

"நான் எங்கக்கா அழுதேன்? நீதான் பச்சை எடுத்துட்டு வூட்டுக்குப் போய் அழுத."

"ஆமா, எனக்கு எது நல்லாருக்கும்னு நீ சொல்லலியே."

இருவரும் நேருக்கு நேர் பேசுகிறார்கள் என்பது பேசிய இருவருக்கும் தெரியவில்லை. தாரிணிக்குத் தெரிந்தது. பெரியம்மா செல்வியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே சிரிப்பு இருந்தது. நகர்ந்து போய் கோமதியின் முழங்கையைத் தொட்டாள்.

"மா, அந்த மாம்பழக் கலர் சேலை இப்ப எங்க இருக்குது?"

கோமதி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். செல்விதான் சொன்னாள், "நம்ம வூட்டு பீரோலதான் இருக்குது. நான்தான் எடுத்து வச்சிருக்கேன்."

சேலையைப் போர்த்திக்கொண்டே நான் அழுதேன். கலர் பிடிக்கவில்லை என்று நினைத்து விற்பனையாளர் இன்னொன்றை எடுத்தார்.

என் பிளானில் செல்விக்கு நான் வைத்திருந்த வேலை, பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப் போவதும்தான். தங்கையோடு ஒரு வார்த்தை பேசுவாயா என்று அவளை நான் கேட்டதே இல்லை. சோறு போடும் பெரியம்மா முகம் சுளித்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை பெற்றவளிடம் வாய் திறக்கும்? பெரியவர்களை முதலில் தனியே உட்கார வைத்துப் பேச வையுங்கள். பெஞ்சுக்குப் படம் அப்புறம் வரையலாம்.

ஒன்றும் எடுக்காமல் நாங்கள் எழுந்தபோதும் விற்பனையாளர் கோபப்படவில்லை. படிவரை வந்தார்.

"நிதானமா வாங்கம்மா. முகூர்த்தம் என்னிக்கு?"

முகூர்த்தம் இருக்கட்டும், இவர்கள் அடுத்துச் சந்திக்க ஒரு தேதிகூட என் ஃபைலில் இல்லை. நாலாவது விசிட் என்று ஒன்றைக் குழு கொடுக்கவே இல்லை. அம்மாவின் விரலைப் பிடித்தபடி தாரிணி திரும்பிச் சொன்னாள்:

"அடுத்த மாசம், மொத சனிக்கிழம."