தவக்காலத்துத் தகப்பன் குருவி

அந்த வருடம் அம்மா வைத்த நேர்த்தி கடுமையானது. கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருந்த அப்பா மொன்றியல் வந்து சேர வேண்டும். அதற்காகத் தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்காது என்று மாதாவிடம் சொல்லியிருந்தார். ரேடியோவை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார். இங்கே வந்தபின் பிறந்த தம்பி, அப்பாவைக் கண்டதே இல்லை. அவனுக்கும் தாலாட்டு இல்லை. முதுகைத் தட்டித்தான் நித்திரையாக்கினார்.

அம்மாவின் தம்பியான மாமா, டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பறவைக் கூண்டுகள் கழுவும் வேலை செய்தார். ஆராய்ச்சிக்கு மிஞ்சியவை என்று ஒரு குருவிக் குடும்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்: தாய், தகப்பன், சாம்பல் நிறத்தில் ஒரு குஞ்சு. அந்த இனத்தில் ஆண் மட்டும்தான் பாடும். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் காலையிலும் தகப்பன் விடாமல் பாடியது. எனக்கு ஒன்பது வயது. குருவியால் அப்பாவின் விசா கெட்டுப்போகும் என்று பயந்து மாமாவைக் கெஞ்சினேன்.

"குருவிக்கும் தவக்காலமோடி?" என்று சிரித்தாலும், தகப்பனை மட்டும் பிரித்து வேலையிடத்துக்கே திரும்பக் கொண்டுபோனார்.

குருத்தோலை ஞாயிறு நெருங்கையில் குஞ்சின் கன்னம் தகப்பனுடையதைப் போலச் செம்மஞ்சளாகி, அதுவும் வாய் திறந்தது. வந்தது பாட்டல்ல, எண்ணெய் காணாத கதவின் கிரீச்சல். வேலையிடத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண்ணிடம் விசாரித்துவந்த மாமா சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"பிழை எங்கட பக்கம் அக்கா. குஞ்சின்ர மூளையில கடுகு மாதிரி முடிச்சுகள் இருக்காம். பாட்டைப் பழகிறதுக்கு ஒரு வழி, பாடுறதுக்கு இன்னொரு வழி. ஒரு முடிச்சில இருந்து மற்றதுக்குச் சேதி ரசாயனமாத்தான் போகுமாம். தகப்பன்ர பாட்டை இந்தக் கொஞ்ச நாளுக்குள்ள கேட்டாத்தான் அது பதியுமாம்."

"பேந்து, நாள் கழிச்சுக் கேட்டா?" என்றார் அம்மா.

"பேந்து கஷ்டமாம்."

அம்மா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, ஒரு பாட்டுப் பாடுங்கோ. ஓம், இப்பத்தான். எனக்கில்லை, பிள்ளைக்கு."

ரிசீவரைத் தம்பியின் காதில் வைத்துப் பிடித்தார். சிணுங்கிக்கொண்டிருந்தவன் அசையாமல் கேட்டான். அப்பாவின் குரல் மெல்லிசாக எனக்கும் கேட்டது. நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். தவக்காலம் முடியும் பாஸ்குவுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

"மாதா கோவிப்பா அம்மா," என்றேன் பிறகு.

"அவவும் பிள்ளை வளர்த்தவதானே," என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அப்பாவை இனி வரவிடாமல் செய்துவிட்டது அம்மாதான் என்று நினைத்து அந்தக் கிழமை முழுவதும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விசா கிடைக்காது என்பதை விடப் பெரிய பயம் ஒன்று அம்மாவைப் பிடித்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.