பக்கவாதம் வந்த வீட்டில் வைத்தியம் சொன்னவர்கள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த காலையில் எங்கள் வீட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம் எங்களுடையது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர், வாளியோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு தொங்கியது. ஏதோ சொல்ல வந்தார், குழறல்தான் வந்தது.

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"வாயுதான் அண்ணி. சோடா குடிச்சா ஏப்பத்தோட போயிடும்" என்று கொழுந்தனார் ஓடிப்போய் சோடா வாங்கி வந்து அவர் வாயில் ஊற்றினார். பாதி சட்டையில் வழிந்தது, மீதி புரையேறியது.

எதிர் வீட்டு அக்கா கொழுந்தனாரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது வாதம். புறா ரத்தத்த சூடா தேச்சா கை ஏந்துக்கும்."

உடனே புறா பிடிக்க ஆட்கள் கிளம்பினார்கள். மற்ற நாளில் கோயில் கோபுரம் முழுக்கப் புறாதான். அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட அகப்படவில்லை. அவற்றுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாங்க" என்று நான் கெஞ்சினேன்.

"இருங்க அண்ணி, ஆஸ்பத்திரி எங்க ஓடிப்போவப் போவுது?"

கடைசியில், மத்தியானம் ஆன பிறகு, நானே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எப்பம்மா ஆரம்பிச்சுது?" சொன்னேன். "இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?" புறா தேடினோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதைக் கரைக்க ஊசி இருக்கிறதாம், ஆனால் அதற்கான நேரம் கடந்துவிட்டதாம். அந்த அம்மா என் தோளில் கை வைத்துச் சொன்னார். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேச்சில் மட்டும் ஒரே ஒரு சொல்தான் திரும்பியது: "சரி." கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டிராத சொல். பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, வேண்டாம் என்பதற்கும் அதேதான்.

இதன் அருமையை முதலில் கண்டுகொண்டவர் கொழுந்தனார்.

"அண்ணே, உன் மோட்டார்லேர்ந்து என் கயினிக்குத் தண்ணி வுட்டுக்கட்டா?"

"சரி!" என்றார் இவர், தலையை வேகமாக இடவலமாக ஆட்டிக்கொண்டு.

"பாருங்க அண்ணி, அண்ணனுக்கு இப்பதான் மனசு இளகியிருக்குது."

"வாயப் பாக்காதீங்க, தலையப் பாருங்க" என்றேன்.

அந்தப் பாசத்தில் கொழுந்தனார் கல்வராயன் மலைக்குப் போய், ஆசைதீர அருவியில் குளித்துவிட்டு, மூலிகை எண்ணெய் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் மாடு கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு நின்றது.

சில மாதம் கழித்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கவாத விழிப்புணர்வுக் கூட்டம். பாதிக்கப்பட்டவர் என்று இவரை மேடையில் உட்காரவைத்தார்கள். பேனரில் இவர் படம் தபால்தலை அளவு, சிறப்பு விருந்தினர் படம் ஆள் உயரம். அந்த ஆள் உயரத்துக்காரர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். வந்ததும், "இந்த நோயில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்" என்று தொடங்கி, எங்களுடைய எல்லா நிமிடங்களையும் எடுத்துக்கொண்டார். பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு மைக்கை இவரிடம் நீட்டினார்கள். "ஐயா, ரெண்டு வார்த்தை."

"சரி."

கைதட்டினார்கள். "இன்னும் ஒரு வார்த்தை ஐயா."

"சரி" என்றவர், இடது கையால் மைக்கைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "வாய் கோணுதா, கை தூக்கினா வியுந்துடுதா, பேச்சு கொயறுதா, எது ஒண்ணு இருந்தாலும் அப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க. புறாவ வுட்டுடுங்க, அது பொயச்சிப் போவட்டும்" என்றேன். மண்டபம் சிரித்தது. எங்களோடு வேனில் வந்திருந்த எதிர் வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஊர் வரும்வரை என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அந்த அக்காதான் அறுவடைச் சமயத்தில் ஒரு நாள் எங்கள் கதவைத் தட்டினாள். "எங்க வூட்டுக்காரரு பேச்சு ஒரு மாதிரி வருதும்மா. கையும் வியுந்துடுச்சி."

"கொஞ்ச நேரம் பாக்கலாங்க" என்று கொழுந்தனார் ஆரம்பித்தார்.

"நீ பாத்துக்கினு கெட" என்றாள் அவள். கிடைத்த காரில் புருஷனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தாள். ஊசி நேரத்துக்குக் கிடைத்தது. அவர் நடந்தே வீடு வந்தார்.

இப்போது விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். பக்கவாதத்தைக் கண்டுபிடித்ததே தான்தான் என்கிற மாதிரி அக்கா பேசுகிறாளாம். பேசட்டும். அவள் புருஷன் தினமும் சாயங்காலம் வந்து இவரை ஏரிக்கரைக்கு நடக்கக் கூட்டிப் போகிறார். நெல் விலை, மழை என்று அவர் பேசிக்கொண்டே போக, இவர் கோலை ஊன்றிக் கேட்டுக்கொண்டே நடப்பார்.

போன வாரம் கரையில் நின்று இவர் தெளிவாக, "தண்ணி" என்றாராம். ஏரியைச் சொன்னாரா, தாகத்தைச் சொன்னாரா என்று கூடப் போனவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சொம்பு நிறையக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.