ரோஜாவுக்குக் கொடுத்த சத்து மாத்திரை

எங்கள் வீட்டு வாசலில், பழைய பெயின்ட் வாளியில் ஒரு ரோஜாச் செடி இருந்தது. பேரிகைப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வேலைக்குப் போன அம்மா, அங்கே பிடுங்கிப் போட்டதை எடுத்துவந்து நட்டது. இலையெல்லாம் மஞ்சள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள். சத்துக்குறைவு பாடம் நடத்தி முடித்திருந்தார்கள். அதனால் அந்தச் செடிக்கு வைத்தியம் பார்க்கும் தகுதி எனக்கு உண்டு என்று நம்பினேன்.

மருந்தும் வீட்டிலேயே இருந்தது. தினமும் எட்டு மணிக்கு அம்மா எனக்கு ஒரு மாத்திரை தருவாள். தானும் ஒன்று போட்டுக்கொள்வாள். எனக்குத் துணைக்கு என்று நினைத்திருந்தேன். என்ன மாத்திரை என்று கேட்டால், "சத்து மாத்திரைடி, முழுங்கு" என்பாள். எனக்கோ சத்துக்குக் குறைவே இல்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் பள்ளிக்கே நான்தான் முதல். எனவே ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் செடிக்கு என்று பங்கு பிரித்தேன். செடியின் முறை வரும்போது மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வாளி மண்ணில் புதைத்துவிடுவேன். செடி துளிர்த்தது. அம்மா வாரம் தவறாமல் எரு போட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மாத்திரை வாங்கக் கிருஷ்ணகிரி போவோம். ஓசூர் பக்கத்தில் இருக்க, இரண்டு பஸ் மாறி ஏன் அவ்வளவு தூரம் என்று நான் கேட்டதில்லை. ஜன்னல் சீட்டு கிடைத்தால் போதும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். "கிரானைட் லாரி தூசிடி" என்பாள். ஆஸ்பத்திரி ஹாலில் தூசியே இருக்காது, அங்கேயும் எடுக்கமாட்டாள். அங்கே பலரும் அப்படித்தான். ஒரு மாமா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அக்கா டப்பாவில் மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் அந்த முறை ரத்தப் பரிசோதனை வேறு கதை சொன்னது.

"கிருமி எகிறிக் கெடக்குது பாப்பா. மாத்திரையெல்லாம் எங்க போவுது?"

நான் மறைக்கவில்லை. "பாதி செடிக்குப் போட்டேன்கா. நல்லா வந்துருக்குது" என்றேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முந்தானைக்கு மேலே தெரிந்த அம்மாவின் கண்கள் சிரிக்கவில்லை.

அன்றுதான் எச்.ஐ.வி. என்ற பெயரை அக்கா எனக்குச் சொன்னார். பிறக்கும்போதே என் ரத்தத்தில் சேர்ந்துவிட்ட கிருமி. மாத்திரை அதைத் தூங்கவைக்கிறது. விட்டுவிட்டுப் போட்டால் விழித்துக்கொண்டு அந்த மருந்துக்கே பழகிவிடும்.

"மூணு மாசம் ஒரு நாள் விடாம போடு. அப்பவும் எறங்கலன்னா மருந்த மாத்தணும். மாத்திக்கிட்டே போறதுக்கு நெறைய மருந்து இல்ல, கண்ணு."

திரும்பும் பஸ் சூளகிரி தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு, "செடிக்கு எரு போடறது நானு. மாத்திரை போடறது நீயி. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்" என்றாள். அன்றிலிருந்து மாத்திரை விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அம்மா செல்போன் லைட்டை அடித்துப் பார்ப்பாள்.

மூன்று மாதம் முடிந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். முடிவு வாங்கப் போன நாளில், கழுத்து வளைந்து ஏற்றுமதிக்கு ஆகாத ரோஜாக்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தாள் அம்மா. கவுன்சிலர் அக்காவுக்காம். அவர் மனம் குளிர்ந்தால் கிருமியும் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

அக்கா தாளை என்னிடமே நீட்டினார். "நீதான படிக்கிற பொண்ணு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பதுபோல எழுந்து நின்றேன். "டார்கெட் நாட் டிடெக்டட்."

"அப்டின்னா இன்னாடி?"

"தேடிப் பாத்தாங்களாம்மா. கிருமி கண்ணுல படலையாம்."

"போயிருச்சா?"

"போவலம்மா, தூங்குது. மாத்திரைய விட்டா முழிச்சிக்கும்" என்றார் அக்கா. "செடிக்குப் பங்கு வெக்காம இருந்தா சரி."

அம்மா அக்காவின் மேசையில் ஒரு பூவை வைத்துவிட்டு, மீதியோடு ஹாலுக்கு வந்தாள். முகத்திலிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "எம்பொண்ணு பாஸாயிட்டா!" என்று ஹால் முழுக்கக் கேட்கச் சொல்லி, ஆளுக்கொரு ரோஜா கொடுத்தாள். என்ன பரீட்சை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஹெல்மெட் மாமாவிடம் வந்ததும் நின்றாள். "அண்ணா, பூவ மோந்து பாக்கறதுக்காவது அதக் கழட்டுங்க."

ஹாலே சிரித்தது. மாமா மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை வேர்த்து நனைந்திருந்தது. பூவை மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசனையே இல்லியேம்மா?"

"ஏற்றுமதி ரோஸுண்ணா. பாக்க மட்டுந்தான்."

மறுபடி ஒரே சிரிப்பு. மாமா கடைசிவரை ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். கிரானைட் லாரிகள் வரிசையாகப் போக, ரோடெல்லாம் புழுதி. "தூசிம்மா, மூடிக்கோ" என்று நானே முந்தானையை உருவிக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி என் முகத்தைத் துடைத்துவிட்டு, திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டாள். இங்கிலீஷ் ரிப்போர்ட்டையே படித்துவிட்ட எனக்கு, அன்றைக்கு மட்டும் அம்மா ஏன் தூசிக்குப் பயப்படவில்லை என்பது விளங்கவில்லை.