மேனாம்பேட்டு மாமியார்

நான் மேனாம்பேட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஏறுபவரிடம் எங்கே போகணும் என்று கேட்பேன். அதற்கு மேல் பேசக் கூச்சம். அப்படிப்பட்ட நான் ஒரு விஞ்ஞானிக்கு மாமியாராக இருந்தேன்.

எங்கள் தெரு அடுக்குமாடிக்குக் குடிவந்த மதுரைக்காரப் பெண் அவர். வேலப்பன்சாவடி ஆய்வகம் ஒன்றில் குடிநீரில் கிருமி பார்க்கும் வேலை. பூந்தமல்லியில் எடுக்கும் தொலைக்காட்சித் தொடரில் மருமகள் வேஷம். இரண்டுக்கும் என் ஆட்டோதான். வசனம் காலையில்தான் போனுக்கு வரும். போகிற வழியில் மனப்பாடம் செய்ய எதிர்வசனம் பேச ஆள் வேண்டும். வேறு யார், நான்தான்.

அன்று ஏறும்போதே அவர் முகம் சரியில்லை.

"அண்ணே, நேத்து லேட்டாப் போனேன்ல? டைரக்டர் என் போட்டோவ பிரேம் போட்டு வச்சுட்டாரு. இன்னைக்கு வசனம் தடுமாறுச்சுன்னா மாலை போட்டு மாட்டிருவாராம்."

தொடரில் அப்படித்தான். ஒத்துவராதவர் கதையில் செத்துப்போவார். ஆய்வகத்திலோ, சூட்டுப் பெட்டியில் கிருமி வளர வைத்த தட்டுகளை மதியத்துக்குள் எடுத்து எண்ண வேண்டும். விட்டால் கிருமிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ண முடியாமல் போகும். ஆக, ஒரே டேக்கில் முடித்தாக வேண்டும்.

வீட்டை விட்டு வெளியே போடி என்பது மாமியாராக என் வசனம். "வெளிய போங்க மேடம்" என்றேன்.

"மாமியார் மேடம்னு சொல்லுமாண்ணே? கத்துங்க. அப்பத்தான் எனக்கு அழுகை வரும்."

வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"எம்புள்ள ஊட்ட உட்டு வெளிய போடி!"

"நான் எங்க போவேன் அத்தை!" பின்னால் அழுகை பீறிட்டது. கண்ணைத் திறந்தால் சுற்றிலும் பைக்குகள்.

"யோவ் அண்ணாத்தே, பொம்பளைய இன்னாத்துக்கு மெரட்டிகினு கீற?" ஹெல்மெட்காரர் ஒருவர் என் சாவியைப் பிடுங்கினார்.

"இல்ல நைனா, நான் அவங்க மாமியாரு."

"இன்னாது?"

மேடம் கண்ணீரோடு தலையை நீட்டினார். "சீரியல் வசனங்க. எனக்காகப் பேசிக் காட்டுறாரு."

"அட, நம்ம மருமவ!" என்று பின்னால் ஒரு பெண் குரல். சாவி உடனே திரும்பி வந்தது, ஒரு நிபந்தனையோடு. "மாமே, இன்னொரு தபா பேசு."

பேசினேன். பச்சை விழுந்தும் யாரும் நகரவில்லை. என் வாழ்க்கையில் முதல் கைதட்டல். காது இரண்டும் சூடாகிவிட்டன.

பூந்தமல்லியில் ஒரே டேக். நெற்றியில் வரைந்த பொய்க்காயத்தைக்கூடத் துடைக்காமல் மேடம் வேலப்பன்சாவடி ஆய்வகத்துக்குள் ஓடினார். வாசல் காவலாளி பதறி, முதலுதவிப் பெட்டியோடு பின்னாலேயே ஓடினார். வெகு நேரம் கழித்து மேடம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"எல்லாப் புள்ளியும் தனித்தனியா இருக்குண்ணே!"

"அப்ப அந்த மாலை?"

"அது மாமியாருக்கு. அந்த வேஷத்துல நடிக்கிற அம்மா பேரனைப் பாக்க வெளிநாடு போறாங்களாம். நாளைக்குச் சாவு சீன்."

இன்றைக்குத்தான் கைதட்டல் வாங்கினேன், அதற்குள் நாளைக்குச் சாவு.

"அப்ப நான் மேடம்?"

"நீங்க இனி மாமனார். அவரு இன்னும் சத்தமாக் கத்துவாரு."

வண்டியைக் கிளப்பினேன். சிக்னல் வருவதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.