கதவில் ஒட்டிய காந்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கெடா மாநிலத்து லூனாஸிலிருந்து ஃபேக்டரி பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிகளுக்கு மிதவை சுவிட்ச் செய்யும் இடம். தீக்குச்சி அளவுக் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய இரண்டு தகடுகள் இருக்கும். காந்தம் கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். தொட்டியில் தண்ணீர் ஏறும்போது காந்தம் வைத்த மிதவையும் ஏறி, குறித்த உயரத்தில் தகடுகளை ஒட்டவைக்கும். உடனே பம்பு நின்றுவிடும். குழாய்கள் சரியாக ஒட்டிப் பிரிகின்றனவா என்று காந்தத்தை நகர்த்திப் பார்ப்பது என் வேலை.

அப்போது என் மாமனாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. ஆயுசு முழுக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். டவுனுக்குக் குடிவந்த பிறகும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். ஒரு நாள் பெரிய சாலையின் நடுவில் நின்றவரை யாரோ ஒரு லாரிக்காரர் கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்டார்.

என் கணவரும் லாரி ஓட்டுபவர்தான். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பயந்துபோய்ப் பூட்டு வாங்கி வந்தார். மறுநாள் மாமனார் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கதவத் தொறம்மா. நேரமாச்சு, கங்காணி ஏசுவாரு."

பிறகு அழத் தொடங்கிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"பூட்டாம என்ன செய்யிறது? லோரில அடிபட்டா?" என்றார் கணவர்.

கேண்டீனில் இதை எங்கள் டெக்னீஷியன் அண்ணனிடம் சொன்னேன். ஜித்ராக்காரர், கத்தோலிக்கர், பக்கத்துக் கூலிம் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சாப்பாட்டில் இருந்த கையை எடுக்காமலே கேட்டுவிட்டு, "ஏன் தங்கச்சி பூட்டுறீங்க? தண்ணி ஏறுனத சொல்ற சாமான், கதவு தொறந்தத சொல்லாதா?" என்றார்.

சூப்பர்வைசரிடம் கேட்டு, முனைக்கம்பி வளைந்ததால் ஒதுக்கிய குழாய்களில் சிலவற்றை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கதவில் காந்தம், நிலையில் குழாய், என் தலைமாட்டில் பேட்டரி மணி. மாட்டி முடித்துக் கதவைச் சாத்தியதும் மணி அலறியது. திறந்தால் நின்றது.

"ஐயோ, தொட்டிக்குச் செஞ்ச பழக்கம்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். காந்தம் விலகினால் ஒட்டுகிற இன்னொரு வகையும் இருந்தது. அதைப் பையில் தேடி எடுத்து மாற்றினார். மாமனார் பக்கத்தில் நின்று திருகாணி டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பிக்குக் கோப்பி போடும்மா" என்று என்னிடம் சொல்லவும் மறக்கவில்லை.

அடுத்து வந்த ஒரு மழைநாளில் மணி அடித்தது. குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமனார் வாசலில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் வரேன் மாமா."

"உனக்கும் மரம் சீவ நெரை குடுத்திருக்காங்களா?"

"குடுத்திருக்காங்க."

இருவரும் ஒரே குடையில் நடந்தோம். சாலை முனையில் கோப்பிக்கடையை அப்போதுதான் திறந்தார்கள். உட்கார்ந்து கோப்பி குடித்தோம். அவருக்குப் பெரட்டு மறந்துபோயிற்று. "வா, வீட்டுக்குப் போவோம்" என்று அவரே எழுந்தார்.

பிறகு அதுவே வழக்கமானது. நடக்கும்போது என் மாமியாரைப் பற்றிப் பேசுவார். நான் மருமகளாக வருமுன்பே இறந்தவர் அவர். மரத்தடியில் பால் வாளியோடு வழுக்கி விழுந்து எழாமல் சிரித்தாராம். சினிமாவுக்குக் கூட்டிப்போகவில்லை என்று ஒரு வாரம் பேசவே இல்லையாம். மகனுக்கே தெரியாத கதைகள். கணவர் வந்ததும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "இன்னும் என்ன சொன்னாரு?" என்பார்.

மாமனார் எங்கள் வீட்டில்தான், தூக்கத்தில் போனார். சாவுக்கு ஜித்ரா அண்ணன் வந்திருந்தார். அதிகம் பேசத் தெரியாத என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவ அடைச்சு வைக்காம பாத்துக்கிட்டோம்ணே" என்றார். அண்ணன் அடக்கம் முடிந்து கடைசி ஆள் போகும்வரை எங்களோடு நாற்காலி அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.