படத்தில் விழாத குங்குமம்

நான் சிறுமியாக இருந்தபோது கடலூருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும்; சைகோனுக்குப் போகக் கப்பல் டிக்கெட் இருந்தால் போதும். எங்கள் புதுச்சேரியின் நடைமுறை அப்படி. தவளக்குப்பம் எல்லையைத் தாண்டி அங்கிருந்த அத்தை வீட்டுக்குப் போனால் மூட்டையைப் பிரித்துக் காட்டவேண்டும். அப்பா சைகோனில் பிரெஞ்சுக்காரர்களின் சுங்க அலுவலகத்துக்கு எழுத்தராகப் போனபோது அவரிடம் யாரும் விசா கேட்கவில்லை. இங்கே பறந்த கொடிதான் அங்கேயும் பறந்தது. பிறகு இரண்டு ஊரிலும் அந்தக் கொடி இறங்கியது. கடலூர் பஸ்ஸில் யாரும் ஏறலாம் என்றானது. சைகோன் வெளிநாடாகிவிட்டது.

அப்பா அங்கேயே ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டு தங்கிவிட்டார். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அவர் வரவேண்டிய ஒரு வருஷத்தில் அவருக்குப் பதிலாக, கூட வேலை பார்த்தவரின் கடிதம் வந்தது. நுரையீரலில் நோய், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கப்பல் பயணத்தைத் தாங்கமாட்டார் என்று எழுதியிருந்தது. நான் படித்து முடித்ததும் அம்மா அழவில்லை. "அவரால வர முடியலன்னா நாம போவலாம்" என்றாள். முதலியார்பேட்டையைத் தாண்டினாலே தலை சுற்றுகிறது என்பவள் அவள்.

அப்போதுதான் விசா என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. சைகோனில் இரண்டு மாதம் தங்க ஒரு விசா, வழியில் சிங்கப்பூரில் இறங்கிக் கப்பல் மாற இன்னொரு அனுமதி. நாங்கள் இந்தியரா பிரெஞ்சுக்காரரா என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கே அது தெரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்துவாள். நகராட்சிக் கட்டடத்தை நாங்கள் 'மேரி' என்போம். அங்கே அம்மா அப்பாவின் கல்யாணப் பதிவின் நகலை வாங்கினோம். எல்லாவற்றையும் சேர்த்து, விண்ணப்பங்களைச் சென்னை வழியாக டெல்லிக்கு அனுப்பித் தரும் ஏஜெண்டிடம் கொடுத்தோம்.

படம் மட்டும் பாக்கி. கண்ணாடிக் கூரை வழியாக வரும் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று இருந்தது. கல்யாணம் ஆகாத நான் கறுப்புச் சாந்துப் பொட்டு வைத்திருந்தேன். அது படத்தில் பளிச்சென்று விழுந்தது. அம்மாவின் குங்குமம் விழவில்லை. வெளிச்சத்தில் நெற்றியோடு நெற்றியாகக் கரைந்துபோயிருந்தது. கல்யாணமான பெண்களின் படத்தில் இப்படி ஆனால், மெல்லிய தூரிகையால் மையைத் தொட்டு ஸ்டுடியோக்காரரே பொட்டு வைத்துவிடுவார். எங்கள் ஊர்ச் சுவர்களில் சிரிக்கும் மாமிகள் பாதிப்பேரின் பொட்டு அப்படி வைத்ததுதான். யாரும் சொல்லாமலே அவர் அம்மாவின் படத்துக்கும் வைத்தார். அம்மாவுக்குத் திருப்தி.

ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். விண்ணப்பம் திரும்பி வந்தது. முகத்தில் மை தீட்டி மாற்றிய படத்தை ஏற்க முடியாதாம்.

அன்று சாயங்காலம் ஏஜெண்ட் எங்களை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினார். "காலையில முதல் பஸ்ஸுக்கு ஆளு மெட்ராஸ் போறான். இத விட்டா இன்னும் ரெண்டு வாரம் ஆவும்" என்றார். புதுப் படம் எடுக்க வெளிச்சம் இல்லை. ஸ்டுடியோக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "நெகட்டிவ் இருக்கும்மா. மை வைக்காம ஒரு காப்பி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

ஈரம் காயாத அந்தக் காப்பியை அம்மாவின் கையில் கொடுத்தார்கள். கழுத்தில் தாலிச்சரடு தெரிந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது.

"அவரு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. நானே என் கையால மூளி நெத்தியக் காட்டி அவர்கிட்ட போவ வழி கேக்கறதா?" என்றாள் அம்மா.

"வேணாம்மா, நாளைக்குச் சாந்து வெச்சி வேற எடுத்துக்கலாம்" என்றேன். ரெண்டு வாரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று ஏஜெண்டிடமும் எரிந்து விழுந்தேன். அம்மா படத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஏஜெண்டிடம் நீட்டினாள்.

"அனுப்பிடுங்க. எனக்கு அவரப் பாக்கணும்."

மறுநாள் காலையிலிருந்து அம்மாவின் குங்குமம் பெரிதாகிவிட்டது. கால் ரூபாய் அளவில் இருந்தது அரை ரூபாய் அளவுக்கு வந்தது. தாலியிலும் தொட்டு வைத்துக்கொள்வாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

விசாவுக்கு முன் தந்தி வந்தது. காரியங்களை உடல் இல்லாமலே இங்கே செய்தோம். பத்தாம் நாள் உறவுக்காரப் பெண்கள் அம்மாவின் நெற்றியைத் துடைத்தார்கள். எல்லாரும் போனபின், "அந்தப் படத்தக் குடுத்தப்பவே எனக்குத் தெரியும்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அப்பாவின் நோய் அதற்கு முன்பே முற்றிப்போயிருந்தது என்று கத்தினேன். நான் சொன்னது உண்மைதான். அது அவளுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

காரியம் முடிந்த அடுத்த வாரம் ஏஜெண்ட் விசாத் தாள்களைக் கொண்டுவந்தார். உள்ளே வரவே தயங்கினார். இனிமேல் எதற்கு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் மாமா. வருஷம் திரும்பாமல் வாசல் தாண்டக்கூடாது என்றாள் அத்தை.

"இத்தனை வருஷத்துல அவரு இருந்த ஊரு எப்படின்னுகூட எனக்குத் தெரியாது. எங்க படுத்திருந்தாருன்னு ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள் அம்மா. அதற்குமேல் யாராலும் அவளை அசைக்க முடியவில்லை.

சைகோன் துறைமுகத்தில் வெயில் நம் ஊர் வெயில்தான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி முதலில் என் தாளை வாங்கினார். அப்பா போனதிலிருந்து நான் பொட்டு வைப்பதில் அக்கறை காட்டவில்லை. படத்தில் இருந்த சாந்துப் பொட்டையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, இது நீதானா என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்து அம்மா. படத்தை ஒரு முறை பார்த்தார், முகத்தை ஒரு முறை பார்த்தார். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.