திருப்பூர்த் தமிழ் பேசிய ஷெபாலி

ஷெபாலி இன்று காலை இறந்துவிட்டாள். கேனிங் பக்கத்துக் கிராமத்தில், அவள் அம்மா வீட்டில். அவள் தங்கை போன் செய்து வங்க மொழியில் சொன்னாள்... நம்பாமல் இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

எங்கள் கல்கத்தா செக்டர் ஃபைவ் ஆபீஸ் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். பேன்ட்ரியில் டீ கொடுப்பாளே, அவள்தான். என் வயதுதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, நான் அம்மாவோடு போனில் தமிழில் பேசிக்கொண்டே கப்பை நீட்டினேன். "சக்கரை போடட்டுங்களா அக்கா?" என்றாள். கல்கத்தாவில், ஒரு வங்காளிப் பெண் வாயில் அசல் கொங்குத் தமிழ்!

ஏழு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்தவள். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும் டி-ஷர்ட்கள். கணவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

அப்புறம் அந்த ஹெல்த் கேம்ப் நாள். ஸ்டாஃபுக்கெல்லாம் இலவச செக்கப். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஜூஸ் நீட்டிக்கொண்டிருந்தவள், என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"எனக்கும் பாப்பாங்களா அக்கா? மார்ல ஒரு கட்டி இருக்குதுங்க."

அட்மினில் கேட்டேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்றார்கள்.

"எத்தனை நாளா இருக்கு ஷெபாலி?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. திருப்பூர்லயே ஒரு ஆஸ்பத்திரில காட்டுனேன். டெஸ்ட் எடுக்கோணும்னாங்க. இன்சூரன்ஸ் கார்டைக் குடுத்தா, இது உங்க ஸ்டேட் கார்டு, இங்க செல்லாதுன்னுட்டாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா ஷிப்மென்ட் டைம்... லீவு தரலைங்க."

"இங்க வந்தப்புறமாவது பாத்திருக்கலாமே?"

"வேலைக்குச் சேந்த ஒடனே லீவு கேக்க முடியுங்களா?"

மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இங்கே அந்தக் கார்டு செல்லுபடியானது.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அவளைப் பார்த்து, "இத்தனை நாள் எங்கேம்மா இருந்தீங்க?" என்று வங்க மொழியில் கேட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான்.

"திருப்பூர்ல" என்றாள். ஊர் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கீமோவுக்கு நடுவிலும் வேலைக்கு வந்தாள், தலையில் ஒரு ஸ்கார்ஃபோடு. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை.

அமெரிக்க நோயாளிகளின் மருத்துவ பில்களில் நோய்க்கான கோட் எண் போடுவது என் வேலை. ஒரு நாள் டீயை வைத்தவள், என் ஸ்கிரீனில் ஒரு வார்த்தையைக் காட்டினாள். தன் ஃபைலில் பார்த்துப் பார்த்துப் பழகிய இங்கிலீஷ் எழுத்துகள்.

"இவங்களுக்கும் அதானுங்களா?"

"ஆமா."

"பொழச்சுக்குவாங்களா?"

"ஆரம்பத்துலயே பாத்துட்டாங்க. பொழச்சுக்குவாங்க."

"நல்லா இருக்கட்டுங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

நிலைமை மோசம் என்றதும் அவள் கணவர் ரயில் ஏறிவிட்டாராம். சாயங்காலம்தான் ஹவுரா வந்து சேருவார். அதுவரை உடலை எடுக்காமல் காத்திருக்கிறார்கள்.

நான் டாக்குரியா ஸ்டேஷனில் கேனிங் லோக்கலுக்காக நிற்கிறேன்.

வந்துகொண்டே இருக்கிறேன் ஷெபாலி. உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்...